வளவு முற்றத்தில் குறி பார்க்கலாமா?

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டுப் பெட்டகத்தை ஒழித்தபோது, பாட்டையா மலேயாவிலிருந்து கொண்டுவந்த பழைய டெய்சி பிபி துப்பாக்கி (காற்றழுத்தத்தால் சிறு எஃகுக் குண்டுகளைச் சுடும் அமெரிக்கத் துப்பாக்கி) ஒன்று கிடைத்தது. நெம்பை இழுத்துச் சுட்டால் பெருமூச்சு விடுவதுபோல் காற்று மட்டும் வருகிறது. இதைச் சரிசெய்து, விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளோடு வளவு முற்றத்தில் சைக்கிள் பால்ரஸ் போட்டுச் சுடலாமா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: துப்பாக்கியைப் பற்றிக் கவலை வேண்டாம், இடமும் குண்டும்தான் சரியில்லை.

காற்றை அழுத்தும் பிஸ்டனின் தலையில் உள்ள தோல் வாஷர், பல்லாண்டுகள் பெட்டகத்தில் கிடந்து காய்ந்து சுருங்கியிருக்கும். சாதாரண மெஷின் எண்ணெயில் சில சொட்டு விட்டு, ஓர் இரவு நிமிர்த்தி வைத்தால் தோல் ஊறிப் பிடிக்கத் தொடங்கும். கையருகே இருக்கிறதென்று தேங்காயெண்ணெயை விட்டுவிடாதீர்கள். அது நாளடைவில் பிசினாக இறுகிவிடும். இதற்குப் பிறகும் வேகம் வராவிட்டால் வாஷரை மாற்றத்தான் வேண்டும்.

பிபி குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 4.4 மில்லிமீட்டர். சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸில் 3.97 மி.மீ. குண்டு குழலுக்குள் உருண்டு வெளியே விழும்; 4.76 மி.மீ. குண்டு உள்ளே போகவே போகாது. போதாக்குறைக்கு அது பதமேற்றிய எஃகு என்பதால், பட்ட இடத்திலிருந்து இன்னும் மூர்க்கமாகத் திரும்பும். எனவே பிபிக்கென்றே விற்கும் குண்டை மட்டும் வாங்குங்கள்.

திரும்பி வருவதுதான் இங்கே உண்மையான அபாயம். ஈயக் குண்டு சுவரில் பட்டால் நசுங்கும். எஃகுக் குண்டோ சுட்டவரையே தேடி வரும். முட்டை வெண்கரு சேர்த்துப் பளிங்குபோல் இழைத்த சுவர், கல் தூண், ஆத்தங்குடித் தரை, இரும்புக் கிராதி என்று நாற்புறமும் கெட்டியான பரப்பே சூழ்ந்த வளவைவிட இதற்குப் பொருந்தாத இடத்தை நான் கேள்விப்பட்டதில்லை. (முகப்பில் தொங்கும் பெல்ஜியம் கண்ணாடிக்காக ஆச்சி தொடுக்கப்போகும் வழக்கு தனி.)

வீட்டுக்குப் பின்புறத் தோட்டத்துக்குப் போங்கள். அட்டைப் பெட்டியில் பழைய செய்தித்தாள்களை இறுக அடுக்கி முகப்பில் குறித்தாளை ஒட்டி, அதன் பின்னால் இரண்டு கோணிச் சாக்குகளைத் தளரத் தொங்கவிடுங்கள். தளர்ந்த துணி குண்டின் வேகத்தை விழுங்கிவிடும். செம்புராங்கல் கிடக்கும் மேட்டைப் பின்புலமாக நம்பாதீர்கள். தகர டப்பாவைச் சுடும் ஆசை எல்லோருக்கும் வரும், ஆனால் அதுவும் குண்டைத் திருப்பியனுப்பும். அமெரிக்காவில் சிறுவர்களுக்கான பிபி போட்டிகள் நடக்கும் ஐந்து மீட்டர் தொலைவே உங்களுக்கும் போதும். சுடுபவர் மட்டுமல்லாமல், வேடிக்கை பார்ப்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பிள்ளைகளின் பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். மரத்தில் வந்தமரும் கிளியையும் மைனாவையும் குறிவைப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பழைய டெய்சியில் குண்டு தீர்ந்துவிட்டதுபோல் தோன்றினாலும் உள்ளே ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பெட்டகத்தில் திரும்ப வைக்கும்முன், சாக்கை நோக்கி நாலைந்து முறை வெறுமனே சுட்டுப் பாருங்கள்.