மகன் பாட்டு இறக்கினான், கடிதம் தகப்பன் பெயருக்கு வந்தது

கேள்வி: ஜேர்மனியில் வசிக்கிறோம். எங்கள் 13 வயது மகன், டொரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையில் ஓர் இசைத்தொகுப்பை இறக்கிவிட்டான். 900 யூரோ கேட்டு, கணவர் பெயருக்குச் சட்டத்தரணி ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. கட்டத்தான் வேண்டுமா?

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. இது காசு கேட்கும் சிவில் கோரிக்கை. பொலிஸ் வழக்கு அன்று. இணைய இணைப்பு கணவர் பெயரில் இருப்பதால் கடிதமும் அவருக்கு வந்திருக்கிறது.

பிள்ளை செய்ததற்கெல்லாம் பெற்றோர் பொறுப்பாளி ஆகிவிடுவதில்லை. சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளைக்கு, சட்டவிரோதப் பகிர்வு கூடாது என்று முன்பே சொல்லியிருந்தால் போதும். சந்தேகம் எழாதவரை அவன் கணினியைத் துழாவத் தேவையில்லை. 2012இல் ஜேர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம், 13 வயதுப் பையன் ஒருவன் வழக்கில் இப்படித்தான் தீர்ப்பளித்தது.

ஆனால் 2015இல் அதே நீதிமன்றத்தில், 14 வயது மகளின் தாய் தோற்றார். ஒழுங்காக நடந்துகொள் என்று பொதுவாகச் சொல்லி வளர்த்தது போதவில்லை. இந்தக் காரியம் கூடாது என்று குறிப்பாகச் சொன்னதை அவரால் நிறுவ முடியவில்லை. பாட்டு ஒன்றுக்கு 200 யூரோ இழப்பீடு. நாமும் வீட்டில் ‘கண்டதையும் பார்க்காதே’ என்றுதானே சொல்கிறோம்? அது செல்லாது. நீங்கள் எப்போது, என்ன சொன்னீர்கள் என்பதை இன்றே எழுதிவையுங்கள். சொல்லாததை எழுதாதீர்கள்.

‘இனி இப்படிச் செய்யமாட்டேன்’ என்று கடிதத்தோடு வந்த உறுதிமொழிப் படிவத்தில் அப்படியே கையெழுத்திடவே வேண்டாம். அது ஆயுள் முழுக்கக் கட்டிப்போடும். பல படிவங்களில், கேட்ட தொகையைத் தருகிறேன் என்ற சம்மதமும் உள்ளே கிடக்கும். கடிதத்துக்குப் பொருள் சொல்லும் ஆட்களிடமும் போகாதீர்கள். என்னிடம் வந்த ஒரு தகப்பனிடம் அப்படியொருவர் 150 யூரோ வாங்கிக்கொண்டு, அதே படிவத்தில் பென்சிலால் புள்ளடி போட்டு ‘இங்கே வையுங்கள்’ என்றாராம். குப்பையில் போடச் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். தவணை கடந்தால் தடையுத்தரவும் அதன் செலவும் வரலாம்.

2013இல் சட்டத்தரணிச் செலவுக்கு வரம்பு வைத்தார்கள், இழப்பீட்டுக்கு வைக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இன்னும் இப்படிக் கேட்கிறார்கள். இந்தக் கடிதங்களின் கடினமான ஜேர்மன் மொழியைப் பல வீடுகளில் பெற்றோருக்கு வாசித்துச் சொல்வது, பாட்டு இறக்கிய அதே பிள்ளை. இதைப் பற்றி ஒருவருக்கும் கவலை இல்லை என்பது எனக்குத் தீராத கோபம்.

‘மகன்தான் செய்தான்’ என்று நீங்களாக எழுதி அனுப்பாதீர்கள். விவரம் தெரிந்த பிள்ளையிடமே இழப்பீடு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. வருமானம் குறைவென்றால், உங்கள் ஊர் ஆம்ட்ஸ்கெரிக்டில், அதாவது உள்ளூர் நீதிமன்றத்தில், ஆலோசனை உதவிச் சீட்டு கேளுங்கள். அதைக் காட்டினால் சட்டத்தரணி உங்களிடம் 15 யூரோதான் வாங்கலாம். திருத்திய உறுதிமொழியை அவரே எழுதித் தருவார். கடிதம் கைக்கு வந்த தேதியை உறையில் குறித்து, உறையையும் கொண்டுபோங்கள்.