இறக்கத்தில் இரண்டாவது கியர் கழன்றால் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டுமா?

தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னுடையது முப்பது வருடத்துப் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப், நாலு கியர். மூட்டை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது இரண்டாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இரண்டிலும் மூன்றிலும் ஊளைச் சத்தம், டாப்பில் (நாலாவது கியரில்) சத்தமே இல்லை. பட்டறையில் பாக்ஸ் மொத்தமாகப் போச்சு, வேறு போடுங்கள் என்கிறார்கள். அப்படித்தானா?"

மொத்தமாகப் போயிருந்தால் டாப் இவ்வளவு அமைதியாக ஓடாது. நீங்கள் சொன்ன அந்த ஒரு விஷயத்திலேயே பாதி பதில் இருக்கிறது.

எஞ்சினிலிருந்து வரும் இன்புட் ஷாஃப்ட், கீழே படுத்திருக்கும் கவுன்டர் ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கும். அது மேலே மெயின் ஷாஃப்ட்டில் உள்ள கியரைச் சுற்றவைக்கும். டாப்பில் மட்டும் இன்புட்டும் மெயினும் நேராகக் கோத்துக்கொள்ளும், அப்போது கவுன்டர் ஷாஃப்ட் பாரம் இல்லாமல் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் கீழ் கியர்களில் ஊளை, டாப்பில் அமைதி என்றால் முதல் சந்தேகம் கவுன்டர் ஷாஃப்ட் பேரிங் மேலும் அதன் பற்கள் மேலும்தான். எல்லா கியரிலும் ஒரே மாதிரி சத்தம் வந்தால் இன்புட் பேரிங்கைப் பார்க்கலாம்.

இதை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் கிளட்ச்சிலிருந்து காலை எடுங்கள். அப்போது வரும் சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கோளாறு பாக்ஸுக்குள். மாறாக, மிதித்தால்தான் சத்தம் என்றால் அது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங், பாக்ஸைக் கழற்ற வேண்டுமே தவிர பிரிக்க வேண்டியதில்லை. அப்புறம், பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள், வண்டி நகராமல் பாக்ஸ் மட்டும் சுற்றும். ஆனால் ஒன்று, டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருந்தால் கியரில் நிறுத்திய வண்டிகூட நிற்காது, உருண்டுவிடும், நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது, அதனால் நாலு சக்கரத்துக்கும் கல் கொடுத்துவிட்டுத்தான் இந்த வேலை. இந்தச் சோதனையில் சத்தம் வராவிட்டால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பாரம் இல்லாதபோது அது வாயைத் திறக்காமலும் இருக்கலாம்.

இனி இரண்டாவது கியர். ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது, இறக்கத்தில் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது, அப்போது பாரம் பல்லின் மறுமுகத்துக்கு மாறிவிடும். மலை வண்டிகள் வருடக்கணக்கில் மூட்டையோடு இரண்டாவது கியரில் இறங்கி இறங்கி, கியரைப் பிடித்துக்கொள்ளும் சின்னப் பற்களில் அந்த முகம் மட்டும் சரிவாகத் தேய்ந்துபோகும். சரிவான பல், கியரோடு கோத்திருக்கும் ஸ்லீவ் என்ற வளையத்தைத் தானே வெளியே தள்ளும். கியரை இடத்தில் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்தாலும், ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்தாலும், பேரிங் ஆட்டம் கொடுத்து ஷாஃப்ட் முன்பின் நகர்ந்தாலும் இதே கதைதான்.

சில டிரைவர்கள் லிவர் கழலாமல் இருக்க சைக்கிள் டியூபில் கட்டி வைப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லீவை ஃபோர்க் இடைவிடாமல் அழுத்தும், இருக்கிற ஃபோர்க்கும் தேய்ந்து தீரும். லிவர் மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டுவதும் அதே ரகம்தான்.

பாக்ஸைத் திறப்பதற்கு முன் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டைப் பாருங்கள். ஒருவர் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நிற்கட்டும், நீங்கள் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கி ஆடினால் ரப்பர் போயிருக்கிறது, கியர் கழல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், செலவும் குறைவு. கியர் போடும்போது கடகடவென்று அரைத்தால் உடனே சிங்க்ரோ ரிங் (கியர் கோக்கும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம்) என்று சொல்லிவிடுவார்கள். கிளட்ச்சை முழுதாக மிதித்து ஐந்தாறு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள், அப்போதும் அரைத்தால் கிளட்ச்தான் முழுசாக விடவில்லை.

அடுத்தது பாக்ஸ் ஆயில். எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். வண்டி ஓடிய சூட்டிலேயே சுத்தமான தட்டில் இறக்குங்கள். ஆயில் இறக்கும் பிளக்கில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் இந்த வயதுக்கு அது சகஜம். வெயிலில் பிடித்தால் பித்தளைப் பொடி மின்னுகிறதா, சிங்க்ரோ ரிங் தேய்கிறது. விரலில் குத்துகிற சில்லு, ஊசி ரோலர் துண்டு வந்தால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பால் கலந்தது மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, பிரீதர் (காற்றுப் போகும் துளை) அடைத்திருக்கிறதா, சீல் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். திரும்ப ஊற்றும்போது ஜிஎல் 4 தர கியர் ஆயில் கேளுங்கள். ஜிஎல் 5 ஆக்ஸிலுக்கு உரியது, அதிலுள்ள கந்தக-பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம், பித்தளை ரிங்கைக் கெடுக்கக்கூடும். பல இடங்களில் ஒரே டிரம்மிலிருந்து இரண்டுக்கும் ஊற்றிவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுகிறீர்களா? இந்த ஜீப்பில் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், வழுக்க மண் இல்லாததால் மொத்த முறுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். லிவர் இறுகி வர மறுத்தால் கொஞ்சம் ரிவர்ஸில் போங்கள், விட்டுவிடும். ஃபோர் வீல் தோட்டத்துச் சேற்றுக்கு மட்டும் போதும்.

பட்டறைக்காரரிடம், வேறு பாக்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு இதை இறக்கிப் பிரித்து, கவுன்டர் ஷாஃப்ட், அதன் பேரிங், இரண்டாவது கியர், ஸ்லீவ், ஃபோர்க், குண்டு ஸ்பிரிங் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஹவுசிங்கில் பேரிங் உட்காரும் துளை தேய்ந்து லூசாகியிருந்தால் மட்டும் அவர் சொன்னது சரி. சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரும் பழைய பாக்ஸ் உங்களுடையதைவிட எத்தனை மலை ஏறி இறங்கியதோ யாருக்குத் தெரியும்.

அதுவரை மூட்டையைப் பாதியாகக் குறைத்து முதல் கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கழன்ற நொடியில் எஞ்சின் பிடிப்பு போய்விடும், மிச்சம் இருப்பது பிரேக் மட்டும்தான். ஒரு நடை இரண்டு நடை ஆகும், பரவாயில்லை.