இறங்குவதற்கும் பலம் வேண்டும்

ஐயா, வணக்கம்.

எனக்கு வயது 61. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியும் ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் தொடை வெடவெடவென்று ஆடியது. மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். மூட்டில் தேய்மானம் இல்லை என்கிறார் டாக்டர். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். மகன் புரோட்டீன் மாவு வாங்கித் தந்திருக்கிறான். குடிக்கலாமா? இந்த வயதில் எடை தூக்கினால் முட்டி தேயாதா?

– ஆர்.

அன்புள்ள டீச்சர்,

மாவு இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் குடிக்கலாம். முட்டை, மீன், தெம்பே (புளிக்கவைத்த சோயா), பருப்பு இவற்றை மூன்று வேளையிலும் பிரித்துச் சாப்பிட்டாலே பெரும்பாலும் போதும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'இறங்கும்போதுதான்' என்ற சொல். ஏறினால் மூச்சு வாங்கும், அதனால் அதை உழைப்பு என்கிறோம். இறங்கும்போது மூச்சு வாங்காது, அதனால் ஓய்வு என்று நினைக்கிறோம். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலைப் பிரேக் போட்டுப் பிடிக்கிறது. 513 படிக்கு 513 பிரேக். சமதரையில் எத்தனை மணி நேரம் நடந்தாலும் இந்தப் பழக்கம் வராது. நடையை விடாதீர்கள், அது இதயத்துக்கு நல்லது. ஆனால் தொடைக்கு அது பாடமே இல்லை.

பிள்ளைகளையும் சொல்ல வேண்டும். 'மெல்ல அம்மா' என்று கையைப் பிடித்து சோபாவிலிருந்து தூக்கிவிடுவது பாசம்தான். தினமும் பத்துத் தடவை செய்தால், அந்தப் பத்துத் தடவையும் உங்கள் தொடை வேலை செய்யாமல் போகிறது. இனி யாரும் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், வழுக்கக் கூடாது. பாதங்கள் இடுப்பளவு அகலம், விரல்கள் லேசாக வெளியே. முதலில் இடுப்பைப் பின்னால் தள்ளி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே உட்காருங்கள். மூன்று வரை அழகாகப் போகும். நான்கில் தொப்பென்று விழுவீர்கள். அந்தக் கடைசி நான்கு விரற்கடைதான் உங்கள் பலவீனம் குடியிருக்கும் இடம். அங்கே மனவுறுதி உதவாது, உயரம்தான் உதவும். கனத்த போர்வையை மடித்து நாற்காலியில் வையுங்கள், விழாமல் உட்கார முடிகிற உயரம் வரை. வாராவாரம் ஒரு மடிப்பைக் குறையுங்கள். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசை சோர்ந்துவிட்டது என்று பொருள், அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்துங்கள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும்.

ஐந்து முறை ஒரு சுற்று. இரண்டு நிமிட ஓய்வு. மூன்று சுற்று. வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு. போர்வை போய், பத்து முறை எளிதானதும் 5 கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் வீட்டு மாடிப்படியின் ஆகக் கீழ்ப்படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று, ஒரு குதிகாலை மூன்று எண்ணிக்கையில் தரையில் தொட்டு மீளுங்கள். காலுக்கு எட்டு முறை. தண்ணீர்மலைக்கான ஒத்திகை அதுதான்.

'இந்த வயதில்' என்று எழுதியதற்குத்தான் கோபம் வருகிறது. பேரப்பிள்ளையைத் தூக்கும்போது வயது பார்த்தீர்களா? அளவாகக் கூட்டிக்கொண்டே போகும் எடை முட்டியைத் தேய்ப்பதில்லை. தேய்ந்த முட்டிக்கே தொடைப் பயிற்சியைத்தான் முதலில் எழுதித் தருகிறார்கள். 1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நீங்கள் அவர்களைவிட ஏறக்குறைய 30 வயது இளையவர், டீச்சர்.

முதல் வாரம் செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும். பயப்படாதீர்கள், இறக்கப் பயிற்சியின் இயல்பு அது, தானே அடங்கும். மூட்டுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.