மறுமொழி: கணவருக்கு எச்.ஐ.வி. பாசிட்டிவ், நான் கர்ப்பம், மாமி என்னைத்தான் சொல்றா

தங்கச்சி, கட்டாருக்குத் திரும்பப் போக எடுத்த மெடிக்கலில் கணவருக்கு பாசிட்டிவ், உங்களுக்கு மூன்று மாதம், கொட்டாஞ்சேனையில் மாமியின் வீட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மாமியின் பேச்சு அப்புறம். இந்தக் கிழமைக்குள் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு கிளினிக்குக்குப் போங்கள். டாக்டரின் துண்டு தேவையில்லை, காசும் இல்லை. கடைசி உறவு 72 மணித்தியாலத்துக்குள் என்றால் இன்றைக்கே போங்கள், தொற்றாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது.

நான் ஒரு சிநேகிதியோடு போயிருக்கிறேன். பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களோ என்று சால்வையை முகம்வரை இழுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டது நம்பரைத்தான்.

உங்களுக்கு நெகட்டிவ் வந்தாலும் ஒன்றோடு விடாதீர்கள். புதிதாகத் தொற்றினால் முதல் சில கிழமைகள் பரிசோதனையில் காட்டாது, திரும்ப எப்போது வரவேண்டும் என்று கேளுங்கள். அதுவரை ஆணுறை கட்டாயம். கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் பிள்ளைக்கு ஆபத்து கூட. பாசிட்டிவ் என்றாலும் மருந்தை ஒழுங்காக எடுத்தால் பிள்ளையைக் காப்பாற்றலாம். தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2019இல் உறுதிசெய்தது. கணவரும் மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நின்றால், உறவின் வழி தொற்றாது.

சரி, மாமி. யாருக்கு முதலில் தொற்றியது என்று அந்த ரிப்போர்ட் சொல்லாது. மகன் எப்படி இருந்தாலும் பழி மருமகளுக்குத்தான், நம் வீடுகளில் இது பழைய கதை. உங்கள் ரிசல்ட்டை அவவிடம் காட்டவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

தனியாகப் போகப் பயமென்றால் எழுதுங்கள், கூட வருகிறேன்.