ஸ்லீவ் அறுவைக்குப் பின் கசிவு: ஸ்டெம் செல் ஊசி உதவுமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கு ஸ்லீவ் அறுவைக்குப் (எடை குறைக்க இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, குறுகிய குழாய் போலாக்குவது) பிறகு இரைப்பைத் தையலில் கசிவு. சேலத்தில் சிகிச்சை நடக்கிறது. ஸ்டெம் செல் (வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போட்டால் மூடுமா?

பதில்: அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். கசிவு பெரும்பாலும் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துக்கு அருகில்தான் வரும். குறுகலான இரைப்பைக்குள் அழுத்தம் அதிகம். அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. அதனால்தான் ஆற நாளாகிறது. முதலில் சீழை வெளியேற்ற வேண்டும், ஆன்டிபயாடிக் தர வேண்டும், சிறுகுடலுக்குக் குழாய் வழியே புரதச் சத்துள்ள உணவு போக வேண்டும். கசிவுக்குக் கீழே இரைப்பையில் அடைப்பு இருந்தால் எண்டோஸ்கோப்பியில் விரித்துவிட வேண்டும். இவை சரியில்லாமல் எந்த செல்லும் பலன் தராது.

கொழுப்பிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல், பிளேட்லெட் செறிவூட்டிய பிளாஸ்மா (ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது) எல்லாம் இந்தக் கசிவுக்கு இன்னும் ஆய்வு நிலைதான். கிரோன் நோயில் (நாள்பட்ட குடல் அழற்சி) வரும் ஆசனவாய்ப் புரைக்கு ஐரோப்பாவில் 2018இல் அனுமதி பெற்ற ஸ்டெம் செல் மருந்தே, அடுத்த பெரிய ஆய்வில் பலன் உறுதியாகாமல் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. யாராவது பணம் கேட்டால், ஆய்வின் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள்.

அப்புறம், வீடு திரும்பிய பின் காய்ச்சல், படபடப்பு, இடது தோள் வலி வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும், உடனே கிளம்புங்கள்.