போர்வெல் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரைக் கழுவுவது

நண்பரே, ஒரு வருடமாக போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய காரில் செந்நிறத் தண்ணீர் வருகிறது, வடித்துவிட்டு நேரே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கீழ் ஹோஸைக் கழற்றினால் ரேடியேட்டரில் இருப்பதுதான் பெரும்பாலும் வடியும். இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் துருத் தண்ணீர் தங்கிவிடும், அது புதுக் கூலன்டைக் கெடுக்கும்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் நன்றாகச் சூடாகும் வரை ஓடவிடுங்கள். சூடானதும் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தால்தான் பிளாக்கில் இருக்கும் தண்ணீர் ரேடியேட்டருக்கு வரும். ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதே வேலைதான். எனக்கு 4 தடவை ஆனது.

பிறகு மேனுவலில் உள்ள மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத) கூலன்ட் ஊற்றி, மிச்சத்துக்கு டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். ரெடிமிக்ஸ் (ஏற்கெனவே தண்ணீர் கலந்த கூலன்ட்) ஊற்றினால் உள்ளே தங்கிய தண்ணீரோடு சேர்ந்து நீர்த்துவிடும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள், மேனுவல் சொல்லும் வகையைப் பாருங்கள். காற்று வெளியேறினால் மட்டம் இறங்கும். 2 நாள் காலையில் பார்த்து நிரப்புங்கள்.

வடித்ததையோ சிந்திய கூலன்டையோ தெருவில் விடாதீர்கள். கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து.