பதில்: கணக்கில் நேரம் போதவில்லை, ஒப்புமையில் குழப்பம்

வணக்கம். தேர்வுக்காகத் தினமும் ஒரு முழு மாதிரித்தாள் எழுதியும் உங்கள் மகளின் மதிப்பெண் இரண்டு வாரமாக நகரவில்லை, கணக்கில் நேரம் போதவில்லை, சொல் ஒப்புமையில் குழம்புகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தத் தினசரித் தாளை நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். மற்ற நாள்களில், தவறிய வினாக்களை மட்டும் விடையைப் பார்க்காமல் மீண்டும் போடச் சொல்லுங்கள். பாவம், குழந்தை களைத்துப் போயிருப்பாள்.

கணக்கில் நேரத்தை விழுங்குபவை பெரும்பாலும் பின்னங்கள்தான். ஒருவர் 10 நாளில், இன்னொருவர் 15 நாளில் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள்? மொத்த வேலையை, 10, 15 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண்ணான (மீச்சிறு பொது மடங்கு) 30 பங்குகளாக வைத்துக்கொள்ளட்டும். நாளொன்றுக்கு ஒருவர் 3 பங்கு, மற்றவர் 2 பங்கு. சேர்ந்தால் 5. விடை 6 நாள்கள். பின்னமே வரவில்லை, பாருங்கள். சதவீதத்துக்கு 100 என்று தொடங்கினால் போதும்: 20 சதவீதம் கூட்டினால் 120, அதில் 20 சதவீதம் குறைத்தால் 96. பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்று நினைத்துத்தான் பலர் இங்கே சறுக்குகிறார்கள்.

சொல் ஒப்புமை என்பது, ஒரு சோடிச் சொற்களுக்குள் உள்ள அதே உறவு இன்னொரு சோடியிலும் வரும்படி விடையைத் தேர்வது. அதற்கு, அந்த உறவை ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்கப் பழக்குங்கள். ‘பேனா : எழுது’ என்றால் ‘பேனாவால் எழுதுவோம்’. அதே வாக்கியத்தில் கத்தியை வைத்தால் ‘வெட்டு’ மட்டுமே பொருந்தும்; ‘கூர்மை’, ‘இரும்பு’ போன்ற மற்ற விடைத் தெரிவுகள் தாமாகவே விலகிவிடும். சொற்பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். புதிய சொல் ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு வாக்கியம் எழுதட்டும், நாளுக்கு ஐந்து சொல் போதும்.